கிளாஸ் மட்டுமே நான் கொடுத்தேன்

அனுப்புநர்:
திருமதி ராஜரத்தினம் ஜெயராணி,
இல. 7, நான்காம் லயம், கீழ்ப்பிரிவு,
க்ரேஸ்மோர் தோட்டம்,
ஹேவாஹெட்ட.

பெறுநர்:
இணைப்பாளர் அவர்கள்,
மது ஒழிப்பு விழிப்புணர்வுச் செயற்றிட்டம்,
கண்டி.

விடயம்: மதுப்பழக்கமும் ஈரல் நோயும் பற்றித் தங்கள் செயற்றிட்டம் காட்டிவரும் ஆவணப்படத்தில் என் காலஞ்சென்ற கணவரையும் என்னையும் பற்றிப் பொய்யாகச் சேர்க்கப்பட்டுள்ள காட்சியை நீக்குதல், எதிர்வரும் 29ஆம் திகதி என் மகளின் பாடசாலையில் அதைத் திரையிடாமல் நிறுத்துதல்.

மதிப்புக்குரிய ஐயா,

இந்த மனுவை எழுதுவதற்கு முதலில் அரசாங்கக் கச்சேரி வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கும் சாஹுல் ஹமீது நானாவிடம்தான் போனேன். நல்ல மனிதர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்” என்று ஆரம்பித்தார். எனக்கு உளைச்சல் இல்லை ஐயா, கோபம். அதோடு ஒரு விடயத்தை எழுதவே வேண்டாம் என்றார். “அத எழுதினா ஒங்க மனுவே ஒங்க கால வாரிவிட்டுரும் தங்கச்சி” என்றார். அதை எழுதாவிட்டால் அந்தப் படத்தை எடுத்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே தாளை வாங்கிக்கொண்டு வந்து, பத்தாம் வகுப்பு வரை படித்த என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மற்ற எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

1. என் கணவர் ராஜரத்தினம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பதினைந்து வருடம் குடித்தார். அதை மறைக்க நான் வரவில்லை. 2024 பெப்ரவரியில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கண்டியில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல் சுருங்கிவிட்டது, இனி ஒரு மிடறு குடித்தாலும் அது விஷம் என்று டொக்டர் என்னையும் அவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னார்.

2. மார்ச் 4ஆம் திகதி வீட்டுக்கு வந்தவர் அதற்குப் பிறகு ஏழு மாதமும் எட்டு நாளும் தொடவில்லை. சாராயத் தவறணை வாசலைத் தாண்டவேண்டி வரும் என்பதற்காக பஸ்ஸில் ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி, மழையிலும் மேட்டில் நடந்து வருவார். குடையை ஆணியில் மாட்டியதும் முதல் வார்த்தை “இன்னைக்கும் இல்ல, ஜெயா” என்பதுதான். நான் கேட்காமலே சொல்வார். அந்த மனிதன் அப்படித் தினம் தினம் ஜெயித்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அது தங்கள் படத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை.

3. 2024 ஒக்டோபர் 12ஆம் திகதி, சனிக்கிழமை, படம் எடுக்கும் சுதேஷ் என்பவர் இன்னும் இரண்டு பேருடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். குடியிலிருந்து மீண்டு வந்தவர்களைப் பற்றிய படம் என்று சொன்னபடியால்தான் என் கணவர் சம்மதித்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார். பேசி முடித்து அவர் அழுதபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். சுதேஷ் பின்னாலேயே வந்து, “அக்கா, ஒரு கிளாஸ் இருந்தா தாங்களேன்” என்றார்.

4. வீட்டுக்கு வந்தவர் கிளாஸ் கேட்டால் எதற்கு என்று கேட்கும் பழக்கம் எங்களிடம் இல்லை ஐயா. தண்ணீருக்கு என்று நினைத்தேன். வந்தவர்களுக்கு அன்றாடம் புழங்கும் தம்ளரைக் கொடுக்கக் கூடாது என்று அலுமாரியைத் திறந்து, நீலப்பூப் போட்ட புதுக் கிளாஸ் ஒன்றை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்தேன். “அங்க அண்ணனுக்கு முன்னால வைங்க அக்கா” என்றார். முக்காலியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி வடிக்கத் திரும்பிவிட்டேன். கெமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

5. மூன்று கோப்பைத் தேத்தண்ணியுடன் நான் திரும்பி வந்தபோது முக்காலியில் கால் போத்தல் சாராயம் திறந்திருந்தது. அவர்களுடைய பையில் வந்த போத்தல். கிளாஸில் ஊற்றியாயிற்று. என் கணவர் ஒரு மிடறு குடித்துமாயிற்று. நான் கத்தியதை அடுத்த லயத்து வீடுகளிலும் கேட்டார்கள். அதற்கு சுதேஷ் சொன்ன பதில்: “சும்மா கையில பிடிக்கத்தான் அக்கா சொன்னோம். அதுக்குப் பதிலா தேத்தண்ணிய ஊத்தினா மூஞ்சியில அந்த ஏக்கம் வராது.” பதினைந்து வருடக் குடிகாரனிடம் சாராயத்தைக் கொடுத்து சும்மா பிடித்துக்கொள் என்பதா? அறிவுள்ளவன் செய்கிற வேலையா இது? என் கணவர் தலையைத் தூக்கவேயில்லை. அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். போத்தலை விட்டுவிட்டுப் போனார்கள்.

6. அதற்குப் பிறகு என் கணவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. குடையை மாட்டுவார், பேசாமல் உட்காருவார். இரண்டு கிழமையில் தவறணை வழியாகவே வர ஆரம்பித்தார். 2025 ஜனவரி 19ஆம் திகதி, இரத்தம் இரத்தமாக வாந்தி எடுத்து இறந்தார். வயது நாற்பத்தாறு.

7. தங்கள் படம் ஜூன் 14ஆம் திகதி எங்கள் தோட்டத்து மண்டபத்தில் காட்டப்பட்டது. இறந்தவரைத் திரையில் பார்க்கப் போகிறோம் என்று நானும் என் மாமியார் பேச்சியம்மாவும் முன்வரிசைக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் முகம் வந்ததும் சனம் ஓவென்று அழுதது. பிறகு ஒரு கை வந்தது. மூன்று சிவப்பு வளையல், சேலைத் தலைப்பு, கிளாஸ். கை கிளாஸை வைக்கிறது, உடனே அடுத்த காட்சியில் அதில் சாராயம் இருக்கிறது. கீழே “சிகிச்சைக்கு முன், 2023” என்று எழுத்து. பின்னால் ஒரு குரல், வீட்டிலேயே ஊற்றிக் கொடுக்கும் கைகள் இருக்கும்வரை இவர்களுக்கு மீட்சி இல்லை என்று சொல்கிறது. மண்டபமே திரும்பி என் கையைப் பார்த்தது. அதே வளையல்தான் போட்டிருந்தேன். பேச்சியம்மா எழுந்து போய் அந்தப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். இருபத்து நான்கு வருடம் என்னை மகளே என்று கூப்பிட்டவர், அன்று முதல் இன்று வரை என்னோடு பேசவில்லை.

8. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறியவேண்டும். ஃபேஸ்புக்கில் போட்டதை நாற்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். “புருசன் செத்தா இவளுக்கு என்ன லாபமோ”, “இவளத்தான் மொதல்ல உள்ள போடணும்” என்று எழுதியிருக்கிறார்கள். என்னை ஒரு நாளும் கண்டிராத சனம். கண்டவர்கள் அதைவிட மோசம். நான் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் இரண்டு பேர், என் கையால் தங்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்று தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றையும் ஒளிக்காமல் சொல்வதானால், படம் பார்த்த பிறகு எங்கள் லயத்து ரமேஸ் குடிப்பதை விட்டிருக்கிறார். அவர் மனைவிக்காக எனக்குச் சந்தோஷம். சுதேஷிடம் போனில் கேட்டபோது அவரும் அதைத்தான் சொன்னார், நல்ல நோக்கம்தானே அக்கா என்று. ரமேஸ் திருந்துவதற்கு என் பெயர்தான் கிடைத்ததா?

9. தாங்களும் பார்த்தவர்களில் ஒருவர் ஐயா. ஜூலை 26ஆம் திகதி கண்டியில் நடந்த கூட்டத்தில், குடிகாரனை உருவாக்குவது தவறணை மட்டுமல்ல, வீட்டில் கிளாஸ் நீட்டும் கையும்தான் என்று மேடையில் சொன்னீர்கள். கைதட்டினார்கள். தங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கைக்குரியவள் உயிரோடு இருக்கிறாளா, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்று தாங்கள் நினைத்துப் பார்க்கவேயில்லை. வெட்கமாக இல்லையா என்று கேட்கவேண்டும் போலிருக்கிறது. மனுவில் அப்படிக் கேட்கக் கூடாதாம், ஆகவே கேட்கவில்லை.

10. அந்தக் காட்சி பொய் என்பதற்கு ஆதாரம் அந்தக் கிளாஸேதான். என் மகள் கிருஷாந்தி 2024 செப்டெம்பரில் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றாள். பரிசாகக் கிடைத்தது ஆறு கிளாஸ் கொண்ட அந்தச் செட். 2024 செப்டெம்பரில் எங்கள் வீட்டுக்கு வந்த கிளாஸ், 2023இல் எப்படி என் கணவர் முன்னால் இருக்கும்? அதைக் கண்டுபிடித்தது நானில்லை, மகள்தான். படம் எடுத்த நாளில் அவள் டியூஷன் வகுப்பில் இருந்தாள். திரையில் பார்த்துவிட்டு வந்து முதலில் கேட்டது, “அம்மா, அது என்னோட பரிசு கிளாஸ்தானே? நீங்களா குடுத்தீங்க?” என்றுதான். இரண்டு நாள் கழித்துத்தான் வருடக்கணக்கு அவளுக்குப் பிடிபட்டது. ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

11. சாஹுல் ஹமீது நானா எழுத வேண்டாம் என்றது இது. அவர்கள் விட்டுப்போன போத்தலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதை நான் அப்போதே கழிவுநீர்க் கானில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. அந்த சுதேஷைத் திரும்பக் கூப்பிட்டு, இதோ உன் சாமான், எடுத்துக்கொண்டு போ என்று அவன் மூஞ்சிக்கு நேராகக் கொடுக்க வேண்டும் என்று ஆத்திரம். அலுமாரியில் கிளாஸ் செட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அடுத்த நாள் காலையில் பார்த்தபோது போத்தல் வெறுமையாக இருந்தது. இதை என் மகளிடமும் சொல்லவில்லை, தங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். என் பிழை இவ்வளவுதான், இதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். ஆனால் போத்தலை என் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் யார் என்பதை அவர்கள் சொல்லட்டும். நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன்.

12. ஆகவே நான் கேட்பது: 29ஆம் திகதி கிருஷாந்தியின் பாடசாலையில் இந்தப் படத்தைக் காட்டாதீர்கள். அவள் உயர்தரம் படிக்கும் பிள்ளை, அந்த மண்டபத்தில் அவளுடைய வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருக்கும். அந்தக் காட்சியையும் அந்தப் பொய் வருடத்தையும் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் தோட்டத்து மண்டபத்தில், அதே மேடையில், அதே மைக்கில், போத்தல் நாங்கள் கொண்டுபோனது என்று சுதேஷ் சொல்லவேண்டும். பேச்சியம்மா முன்வரிசையில் இருக்கும்போது சொல்லவேண்டும்.

இதில் ஒன்றும் நடக்காவிட்டால் 29ஆம் திகதி நானும் அந்தப் பாடசாலைக்கு வருவேன். பெற்றோர் என்ற முறையில் என்னைத் தடுக்க முடியாது. அந்தக் கை திரையில் வரும்போது எழுந்து நின்று இந்தக் கையைத் தூக்கிக் காட்டுவேன், அதே வளையலோடு. இந்த மனுவையும் பதினோராம் பந்தி உட்பட முழுவதும் வாசிப்பேன். என் மகள் அதை என் வாயால் தனியாகக் கேட்பதா, ஊரோடு சேர்ந்து கேட்பதா என்பது இப்போது தங்கள் கையில் இருக்கிறது.

தாமதிக்காமல் தீர்வு தருவீர்கள் என்ற எதிர்பார்ப்புடன்,

இப்படிக்கு,
ரா. ஜெயராணி

இடம்: ஹேவாஹெட்ட
திகதி: 2025.08.19

இணைப்பு:
(அ) கணவரின் கிளினிக் கொப்பியின் பிரதி. மார்ச் முதல் ஒக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் “மது அருந்தவில்லை” என்று டொக்டர் எழுதியது.
(ஆ) மரணச் சான்றிதழின் பிரதி.
(இ) பேச்சுப் போட்டிச் சான்றிதழின் பிரதி, திகதியுடன்.
(ஈ) நீலப்பூப் போட்ட கிளாஸ் ஒன்று, பத்திரிகைத் தாளில் சுற்றியது. பார்த்து முடிந்ததும் உடையாமல் திருப்பித் தரவும். அது என் மகளின் பரிசு. மற்ற ஐந்தும் வீட்டில் இருக்கின்றன.