நாம் சீக்கிரம் வரவழைத்த கிரகம்

அண்ணாச்சி,

மழைக்காலமெல்லாம் தொலைநோக்கிக்குப் போர்த்தியிருந்த பனியன் துணியை இன்று உருவினேன். எண்ணெய்க் கறை பட்டதென்று கழித்துப்போட்ட துணி. நீங்கள்தான் உறையாகத் தைத்தீர்கள். மக்கிய வாடை மூக்கில் ஏறியதும் உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது. பேச என்ன முகம் இருக்கிறது எனக்கு?

நீங்கள் டைம்கீப்பர், நான் பேக்கிங் சூப்பர்வைசர். வேலை விட்டதும் பனியன் கம்பெனி மொட்டை மாடியில் நமக்கு இன்னொரு வேலை. பெகாசஸ் பக்கம் ஒரு நட்சத்திரம். அதை ஒட்டியே ஒரு ராட்சதக் கிரகம் சுற்றுகிறது. குறுக்கே வரும்போது வெளிச்சம் துளி மங்கும். அந்த மங்கலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேரத்தோடு பதிவோம். பாதை சுருங்கினால் கிரகம் வரவர முந்திக்கொண்டு வரும், கடைசியில் நட்சத்திரத்துக்குள்ளேயே விழும். நம் கிரகம் ஒவ்வொரு மார்கழியும் முந்தித்தான் வந்தது. "விழுதுவே! நாமதாம்வே கண்டுபிடிச்சிருக்கோம்!" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தீர்கள்.

கோயம்புத்தூரில் வானம் பார்ப்பவர்கள் கூட்டத்தில் அதைச் சொன்னோம். முன்வரிசையில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "விநாடி மாறுறதுக்கே வருசக்கணக்கா காத்திருக்கறாங்க. உங்களுக்கு நிமிசக்கணக்குல மாறுதுங்களே. எந்தக் கடிகாரமுங்க?"

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. மார்கழி மாதிரி ஷிப்மென்ட் நெருக்கும் மாதங்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைப்பது நம் கம்பெனி வழக்கம். மணி தாமதமாக அடிக்கும். டெய்லர்கள் கூடுதலாகத் தைப்பார்கள். ஆர்டர் கூடக் கூட வருசா வருசம் இழுப்பும் கூடியது. முதலாளி சொல்வார், நீங்கள் இழுப்பீர்கள், வருகைப்பதிவு ஒத்துப்போகக் கம்ப்யூட்டரையும் அதற்கே திருப்புவீர்கள். நம் இருவருக்குமே அது பொய்யாகத் தோன்றியதில்லை. கம்பெனி டைம், அவ்வளவுதான். கிரகம் முந்தி வரவில்லை, நம் கடிகாரம்தான் பிந்தி ஓடியிருக்கிறது. மேடையில் நின்று இதைப் பச்சையாகச் சொன்னீர்கள். கூடமே சிரித்தது, நான் தலையைத் தொங்கப்போட்டேன்.

திரும்பி வரும்போது பல்லடம் பஸ்ஸில், "மானம் போச்சுங்க அண்ணாச்சி" என்றேன்.

"நம்ம மானம் கெடக்கட்டும்வே. பஸ்ஸ விட்டுட்டு இருட்டுல நிக்குதுகளே டெய்லர் பிள்ளைக, அதுகளுக்கு என்ன சொல்ல?" என்றீர்கள்.

மறுநாளே கடிகாரத்தைச் சரியாக வைத்து, இனித் தொட மாட்டேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள். வேலை போயிற்று. ஆனால் விசயம் டெய்லர்கள் காதுக்கெல்லாம் எட்டிவிட்டதால், அதன்பின் கடிகாரத்தில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. டைம்கீப்பர் வேலையும் என்னிடம் வந்தது. நீங்கள் ஊருக்குப் போனீர்கள். போன வருசம் நீங்கள் தவறிய செய்திதான் வந்தது.

இப்போது சரியான நேரத்தை வைத்துப் பார்க்கிறேன். கிரகம் வரவேண்டிய நேரத்துக்குத்தான் வருகிறது, விழவெல்லாம் இல்லை. பெண்களும் வெளிச்சத்தோடு கேட்டைத் தாண்டுகிறார்கள். ஆட்கள் மாறிவிட்டார்கள், எல்லாம் புதுமுகங்கள். நேற்று ஒரு டெய்லரம்மா நின்று, "பக்கத்துக் கம்பெனீல இன்னும் மணியை இழுத்தடிக்கறாங்க. உங்க புண்ணியத்துல நாங்க நேரத்தோட ஊடு போறோமுங்க" என்று கும்பிட்டது. எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. "நானில்லீங்கம்மா, அது பழைய டைம்கீப்பர் அண்ணாச்சிங்க" என்றேன்.

"அது யாருங்க?" என்று கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டது அந்தம்மா. உங்களுக்கு வர வேண்டிய கும்பிடு என்னிடமே இருக்கிறது, அண்ணாச்சி.