விடை எழுதாமல் வர வேண்டாம்

தம்பிச் சாமிக்கு,

குருவானவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் உங்கள் அக்கா, திட்டுவேன்.

பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு எங்கள் வேலம்பாளையம் பங்குக் கோயிலுக்கு வருகிறீர்களாம். இடைக்காலத் தத்துவத்தால் பனியன் கம்பெனியில் உழைக்கிறவர்களுக்கு என்ன பயன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களிடம் கேட்டீர்களா?

நடந்துவிட்டதை நடக்காததாக்கக் கடவுளால் முடியுமா என்று அந்தக் காலத்துத் துறவிகள் வாதிட்டதைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதினீர்களே, அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு கம்பெனியில் பனியன் செக்கிங் பார்க்கும் பெண்களுக்கு வாசித்தேன். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிப் படித்தவள், மெதுவாகத்தான் வாசித்தேன். மயிலாத்தாள், "முடியாதுன்னா அப்பறம் என்னங்க கடவுளு?" என்றாள். போன வருடம் மகனைப் பறிகொடுத்த வேல்விழி, "முடியும்னா ஏன் செய்யல?" என்றாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடை அடுத்த பாகத்தில் என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பாகத்தை எழுதாமலே மூட்டை கட்டுகிறீர்கள்.

என் உடம்பைப் பற்றி டாக்டர் சொன்னதை உங்கள் காதில் போட்டவர்களையும் திட்டிவிட்டேன். எனக்குக் கஞ்சி வைக்க ஆள் இருக்கிறது. பூசை வைக்க இங்கே ஒரு பாதர் இருக்கிறார். இதை எழுத உங்களை விட்டால் யாரும் இல்லை.

இன்று வேல்விழி என்னைப் பார்க்க வந்தாள். உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை. "அக்கா, ஒங்க தம்பி எழுதிட்டாவளா?" என்றுதான் கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

எழுதி முடியுங்கள். சீக்கிரம் முடியுங்கள். அதை அவளுக்கு நான்தான் வாசிக்க வேண்டும்.

கோபம் தீராத,
உங்கள் அக்கா