சுவரில் சாய்த்த மெத்தைகள்

ஏங்க, இன்று காலை பழங்காநத்தம் கடையிலிருந்து புது இலவம்பஞ்சு மெத்தை வந்து இறங்கியது. பிரித்ததும் கூடம் முழுக்கப் பஞ்சு வாசனை. உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீங்கள் போய் இத்தனை மாதமாகியும் இந்த வாய்க்குப் புத்தி வரவில்லை.

கே.கே. நகரில் வேறு எந்த வீட்டிலாவது மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்களா? வந்தவர்களெல்லாம், "என்ன, மூட்டைப்பூச்சித் தொல்லையா?" என்று கேட்டார்கள். எனக்கு மானம் போகும். உங்களுக்கோ சிரிப்பு. "வெறுஞ்செவத்துல பட்டா சத்தம் திரும்பி வந்து பாட்டக் கெடுக்கும்டி. மெத்தை அத முழுங்கிரும். அம்புட்டுத்தேன்" என்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்பீக்கர் இரண்டையும் விரலளவு நகர்த்துவதும், என்னை நாற்காலியில் உட்காரவைத்து "இப்ப?" என்று கேட்பதும்தான் உங்கள் வேலை. "கொழம்பு அடிப்பிடிக்குது, விடுங்க!" என்று கத்துவேன். ஒரு ஞாயிறு, அடுத்த வரிக்குப் பாடகி மூச்சு இழுத்தது எனக்கு நேர் எதிரே கேட்டது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன், எதிரே யாருமில்லை. "வந்துட்டா பாத்தியா!" என்று குதித்தீர்கள். உடனே ஸ்பீக்கரைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டீர்கள். அதன்மேல் துடைப்பம் படாமல் பெருக்கினேன், என் தலையெழுத்து.

உங்களைத் தூக்கிக்கொண்டு போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வழக்கம்தானே. ஸ்பீக்கர்களை ஓரமாகத் தள்ளினார்கள். கோடு தண்ணீரோடு போனது. மறுநாள், நீங்கள் படுத்த மெத்தையை எறிய வந்த உங்கள் தம்பி, சுவரில் இருந்தவற்றையும் சேர்த்து வண்டியில் ஏற்றிவிட்டார். "மதினி, அண்ணன் படுத்த மெத்தை வீட்ல கெடக்கக் கூடாது" என்றார். சுவரில் இருந்தவற்றில் நீங்கள் ஒருநாளும் படுத்ததில்லை. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அதன்பிறகு பாட்டுப் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல் இருக்கிறது. அந்தப் பழைய சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றுதான் இந்த மெத்தையை வாங்கினேன். சாய்த்தேன், நகர்த்தினேன், ஸ்பீக்கரை இழுத்தேன், தள்ளினேன். நாற்காலிக்கும் சுவருக்கும் நடந்து நடந்து முழங்கால் விட்டுப்போனது.

வரவில்லை. இனி வராது. ஒருவர் நகர்த்த, இன்னொருவர் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டிய வேலை இது என்று இன்றுதான் உறைத்தது. எது நல்ல சத்தம் என்று இந்தக் காதுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். எதைக் கேட்டாலும் அது இப்போது சரியில்லை, சரியில்லை என்கிறது. இந்தக் காதை வைத்துக்கொண்டு நான் என்னங்க செய்ய?