வலைக்குள் விழுந்த புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

நிரூபித்துவிட்டேன், அந்த கோலை அக்கா மட்டும் இல்லை, உலகத்தில் எந்த கோல்கீப்பராலும் தடுத்திருக்க முடியாது, கணக்கிலேயே வந்துவிட்டது.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. அந்த ஒரு கோலில் கால்பந்து இறுதி ஆட்டத்தில் தோற்றதிலிருந்து வீடே இப்படித்தான். அக்கா அறையை விட்டு வருவதில்லை. கையுறைகளைக் குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். அடுத்த சீசனுக்கு அணியில் இருக்கிறாளா என்று வெள்ளிக்குள் கோச்சிடம் சொல்ல வேண்டும். "வரலன்னு சொல்லிடும்மா" என்கிறாள் கதவுக்குப் பின்னாலிருந்து. அம்மா தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வருகிறாள்.

முன்பெல்லாம் அவளுக்குப் பட்டப்பெயர் 'சுவர்'. இப்போது 'ஜன்னல்'. திறந்த ஜன்னலில் அவள் முகத்தை ஒட்டிய படம் எங்கள் ரசிகர் குழுவிலேயே வந்தது. நான் ஆரம்பித்த குழு.

மார்ச் 4, புதன்

கணக்கை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வகுப்பில் தூங்கியவள் நான். இதெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது.

கோலின் நடு (0, 0). அக்காவுக்கு வலப்பக்கம் x, மைதானத்தை நோக்கி y, எல்லாம் மீட்டரில். ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி அளந்தேன். அக்கா நின்றது (0, 1). பந்து (−3, 12)-இல் கிளம்பி வலக் கம்பத்தை ஒட்டி (3, 0)-இல் நுழைந்தது. சாய்வு −2. பந்தின் கோடு y = −2x + 6.

ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்குக் குறைந்த தூரம் செங்குத்தாகப் போவதுதான். −2-ஐத் தலைகீழாக்கினால் −1/2. அக்காவின் கோடு y = −x/2 + 1. இரண்டும் சந்திக்கும் இடம் வரை 3.73 மீட்டர். ஓரடி எடுத்து வைத்துப் பாய்ந்தாலும் அக்காவுக்கு எட்டுவது இரண்டரை மீட்டர்.

குழுவில் போட்டேன். ஊரெல்லாம் பகிர்கிறார்கள். சிலர் மன்னிப்புகூட கேட்கிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

'பஞ்சர்கடை' என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: "தங்கச்சி, ரெண்டு கோடும் சந்திக்கிற எடத்துல y மைனஸ்ல வருதே, பாத்தீங்களா? அது கோலுக்கு உள்ள. அக்கா வலைக்குள்ள போய் நின்னு பந்தப் பிடிக்கணுமா?"

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

போட்டுப் பார்த்தேன். செங்குத்துன்னா இரண்டு சாய்வையும் பெருக்கினா −1 வரணும். எனக்கு வந்தது +1. தலைகீழாக்கினேன், குறியை மாத்தல. செங்குத்துக்குச் சாய்வு 1/2. கோடு y = x/2 + 1. சந்திப்பது (2, 2)-இல். தூரம் 2.24.

எட்டும்.

திரும்பப் போட்டேன். எட்டும்.

அப்ப அது அவ விட்டதுதானா? நான் என்னத்த நிரூபிச்சேன் — பதிவை அழிச்சுடலாமா? அழிச்சா மட்டும்? இன்னும் அழிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று கதவைத் தட்டினேன்.

"அக்கா, என் கணக்கு தப்பு."

"தெரியும்."

"பந்து எட்டும்க்கா."

"தெரியும்னு சொல்றேன்ல. உன் தப்பில்ல, உன் தப்பில்லன்னு ஆளாளுக்குத் தடவிக் குடுக்கறீங்க. என் கைக்குத் தெரியாதாடி?"

கதவு திறந்தது. சிக்குப் பிடித்த தலை. இறுதி ஆட்டத்தன்று போட்ட அதே காலுறை.

"எட்டும்ங்கிறியே, எங்க எட்டும்?"

துணி கிளிப்புகளைக் கொண்டுவந்து தரையில் வரிசையாக வைத்தேன், அதுதான் பந்தின் கோடு. அக்கா தன் இடத்தில் நின்று பார்த்தாள்.

"நான் கம்பத்தப் பாத்து ஓடினேன்."

"அது 3.16. பின்னாடி போற. முன்னாடி வெட்டினா 2.24. செங்குத்தா."

"டீச்சரம்மா, வாய மூடு."

வலக்காலை முன்னால் எடுத்து வைத்தாள். கை நீட்டினாள். விரல் கிளிப்பைத் தொட்டது. மறுபடி போய் நின்று, மறுபடி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கிளிப்ப எடுத்த எடத்துல வைங்க. கோச்சுக்கு என்னடி சொல்லட்டும்?"

"நானே பேசிக்கறேன்" என்றாள் அக்கா.

மார்ச் 7, சனி

குப்பைப் பையின் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது.

திருத்தத்தை எழுதிக்கொண்டிருந்தபோது தோளுக்கு மேலே அக்கா. "சுவர்னு ஏன்டி போட்ட? ஜன்னல்னு போடு. அப்பதான் கூட்டம் வரும்."

மாற்றினேன். குழுவில் போட்டது இதுதான்:

முந்தைய கணக்கு தப்பு. குறியை மாற்ற மறந்துவிட்டேன். அந்தப் பந்து எட்டும் தூரம்தான், 2.24. நாளைக் காலை பள்ளி மைதானத்தில் ஜன்னல் நிற்கும். இடப்பக்கத்திலிருந்து வலக் கம்பத்துக்கு அடிக்கத் தெரிந்த எல்லோரும் வாங்க. பஞ்சர்கடை அண்ணா, நீங்க கட்டாயம். பந்து எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. கொண்டு வாங்க.