சந்தனம் வைக்காத டிரைவ்

மாமா,

மேசை மேல், கேமராவின் படம் பதிகிற டிரைவ் சூடாக இருக்கிறது. தொட்ட விரல் தானாக விலகிக்கொள்கிற சூடு. புது அலுமினியம் காய்ந்தால் ஒரு வாடை வருமே, அது அறை முழுக்க நிற்கிறது. இந்த வாடை வந்தாலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். படம் கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆகும் பச்சைக் கோடு நகர்வதை, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இன்று அந்த இடத்தில் நான்.

காலையில் புதுச்சத்திரத்தில் ஒரு முகூர்த்தம் எடுத்துவிட்டு, சற்று முன்புதான் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் போன பிறகு நான் தனியாகக் கேமரா பிடித்த முதல் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் கேமராத் திரையின் மூலையில் சிவப்பு ஆச்சரியக்குறி ஒரு தடவை மின்னியது போல இருந்தது. மின்னியதா, என் கண்தான் கலங்கியதா, சொல்லத் தெரியவில்லை. மின்னியிருந்தால் டிரைவ் எழுதத் திணறியிருக்கிறது, அந்த இடத்தில் படம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா? காப்பி முடியாமல் திறந்து பார்க்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஊரில் உங்களுக்குத் தைரியசாலி என்று பேர். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் முறைத்துக்கொண்டால் நடுவில் போய் நிற்பீர்கள். "ஏனுங்க, இதையும் புடிச்சு ஆல்பத்துல போட்டரட்டுங்களா?" என்று கேட்டு இரண்டு பக்கத்தையும் சிரிக்க வைத்துவிடுவீர்கள். அப்படிப்பட்ட மனிதர் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு டிரைவைப் பார்த்துப் பயந்தீர்கள். எனக்கோ எல்லாவற்றுக்கும் பயம். பல்லிக்கு, லாரிக்கு, உங்கள் அம்மாவுக்கு. டிரைவுக்கு மட்டும் நான் பயந்ததே இல்லை. அதற்குப் பயப்பட வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். நான் பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

முதன்முதலாக மேச்சேரியில் ஒரு காதுகுத்தை ரா வீடியோவாக எடுத்து வந்தீர்களே, அது ஞாபகம் இருக்கிறதா? கேமரா கண்டதை அதிகம் சுருக்காமல் அப்படியே கொட்டும், பிறகு நிறத்தை நம் இஷ்டத்துக்குக் கொண்டுவரலாம் என்று குழந்தை மாதிரி குதித்தீர்கள். மறுநாள் ஆயுத பூஜை. கேமரா, ஸ்டாண்டு, லைட், என் மவுஸ், ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்து டிரைவிடம் நின்றீர்கள்.

"இதுக்கு நெத்தி எதுன்னே தெரியலயே அம்மணி" என்றீர்கள். அப்புறம் நீங்களாகவே ஒரு பக்கத்தை நெற்றி என்று முடிவு செய்து, பெரிய பொட்டாக வைத்துக் குங்குமமும் வைத்தீர்கள். கேபிள் சொருகுகிற ஓட்டை அது. காதுகுத்து இன்னும் காப்பி ஆகவில்லை. அடுத்த நாள் பார்த்தால் சந்தனம் சிமெண்டு பூசியது போல இறுகிக் கிடந்தது. பல் குத்துகிற குச்சியும் பழைய பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் குந்தி அதைச் சுரண்டினீர்கள். நீங்கள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் டிரைவ் திறந்தது, குழந்தையின் அழுகை ஸ்பீக்கரில் கேட்டது, நீங்களும் கூடவே அழுதீர்கள். அதிலிருந்து எந்த ஆயுத பூஜைக்கும் டிரைவுக்குச் சந்தனம் கிடையாது. பக்கத்தில் ஒரு பூ, அதுவும் ஈரம் இல்லாத பூ.

அந்தப் பயத்தில்தான் உங்கள் சோதனைகள் தொடங்கின. புது டிரைவ் வாங்கினால் பெட்டியில் அச்சடித்த வேகத்தை நீங்கள் நம்பியதில்லை. உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், கேமராவில் மாட்டி, எதிர்வீட்டு வேப்பமரத்தை டிரைவ் நிரம்பும் வரை எடுப்பீர்கள். "செவுத்தப் புடிச்சா டிரைவு தூங்கிரும். மரத்தப் புடிக்கோணும். எல அத்தனையும் ஆடோணும். அப்பத்தான் அதுக்கு மூச்சு முட்டும்" என்பீர்கள். பாதி வரை பறக்கும் டிரைவ்கள் முக்கால்வாசி நிரம்பியதும் படுத்துக்கொள்வதை உங்களால்தான் தெரிந்துகொண்டேன். நல்ல டிரைவ் கிடைத்துவிட்டால், துணைக்கு இன்னொன்றை வேறு கடையில் வாங்குவீர்கள். ஒரே நாளில் பிறந்தவை ஒரே நாளில் சாகும் என்று ஒரு கணக்கு. வெயிலில் கருத்துப்போய் இறங்கி வரும் உங்களைப் பார்த்து, டிரைவைச் சோதிக்கிறீர்களா, உங்களைச் சோதிக்கிறீர்களா என்று கேலி செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்வீர்கள். "பழைய ஹார்டு டிஸ்க்கு சாகறக்கு முன்னால கர்ரு கர்ருன்னு நம்மகிட்டச் சொல்லும் அம்மணி. இது சொல்லாமயே போயிரும்." அதைச் சொன்னவரே அப்படித்தான் போனீர்கள். காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது மாமா. எத்தனையோ டிரைவை வெயிலில் போட்டுச் சோதித்தீர்கள், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் உங்களைச் சோதித்துக்கொண்டீர்களா?

புதுச்சத்திரத்துக்காரர்கள் உங்களிடம் சொல்லி வைத்திருந்த கல்யாணம் இது. பெண்ணின் அண்ணன் சென்னையில் சினிமாவுக்கு நிறம் பார்க்கிற வேலையில் இருக்கிறார். முழுக்க ராவாக வேண்டும், வெட்டாமல் வேண்டும், நிறம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார். நீங்கள் இல்லை என்று தெரிந்தும் பெண்ணின் அம்மா போன் செய்து, "நீங்களே வாங்க அக்கா, உங்க ஊட்டுக்காரரு எடுத்த மாதிரியே எடுத்துக் குடுங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பழைய டிரைவையே கொண்டு போகலாம் என்று முதலில் நினைத்தேன். நீங்கள் சோதித்தது என்று ஒரு தெம்பு. ஆனால் எத்தனை முகூர்த்தம் கண்ட டிரைவ் அது. நேற்று ஓடியது என்பதற்காக இன்று நம்பாதே என்றுதானே நீங்கள் சொல்வீர்கள்.

புதிதாக வாங்கினேன். நீங்கள் கடைசியாக வாங்கிய அதே பேர், அதே நிறம். மாடிக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தைப் பார்க்க வைத்தேன். பாதி தாண்டியதும் சிவப்புக்குறி விடாமல் மின்னியது. பேர்தான் அதே பேர், உள்ளே சிப்பை மாற்றிவிட்டார்கள் போல. கடைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி, "பாக்ஸ்ல போட்ட ஸ்பீடு கரெக்டா வருதுங்களே அக்கா" என்றார்.

"வருதுங்க தம்பி. எவ்வளவு நேரத்துக்கு வருதுன்னு நீங்களே நிரப்பிப் பாருங்க" என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வேறு ஒன்றைக் கொடுத்தார். அது வெயிலில் கொதித்தது, ஆனாலும் கடைசி வரை நிற்காமல் எழுதியது. இப்போது மேசையில் இருப்பது அதுதான்.

மண்டபத்தில் என் பயம் டிரைவோடு நிற்கவில்லை. புருஷன் இல்லாதவள் முகூர்த்த மேடையில் நிற்கிறாளே என்று யாராவது முணுமுணுத்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் பெண்ணின் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வைத்துவிட்டு, கேமராவுக்கும் ஒரு பொட்டு என்று கையை நீட்டினார். விரல் நேராக டிரைவின் கேபிள் பக்கம் போனது.

"ஐயோ, அங்க வேண்டாமுங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஐயரே திரும்பிப் பார்த்தார். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "சந்தனம் வெச்சா ஆகாதுங்களா? நல்லதுக்குத்தான சாமி வெக்கிறேன்" என்றார்.

"பொட்டிக்கு ஈரம் ஆகாதுங்க. எனக்கு வெச்சு உடுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அவர் கை அப்படியே நின்றது. என் வெறும் நெற்றியைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வா சாமி" என்று ஒரு கையால் என் முகவாயை நிமிர்த்தி, நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டுப் போனார். குளுகுளுவென்று இருந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, அடுத்த நிமிடம் கெட்டிமேளம். அட்சதை மழையாக விழுந்தது, கூட்டம் என் முதுகில் சாய்ந்தது, அப்போதுதான் அந்தக் குறி மின்னியது போல இருந்தது. பந்தியில் பெண்ணின் அப்பா, "எல்லாம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். நீங்கள் சொல்வது போலவே, "ஊட்டுக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

கோடு முடிந்துவிட்டது மாமா. இப்போது திறக்கிறேன். இருங்கள்.

பார்த்துவிட்டேன். தாலி கட்டும் இடத்தை ஒவ்வொரு பிரேமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் விரல், முதல் முடிச்சு, நாத்தனார் போட்ட முடிச்சு, பெண்ணின் கழுத்தில் ஒட்டிய மஞ்சள் அரிசி, ஒன்றும் விட்டுப்போகவில்லை. எல்லாம் இருக்கிறது. பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லியும் விட்டேன். உங்கள் தைரியம் எனக்கு வரவில்லை. உங்கள் பயம்தான் முழுசாக என்னிடம் வந்திருக்கிறது. இனி எந்தக் கல்யாணத்துக்கும் அதைக் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

சத்தமும் சரியாக வந்திருக்கிறதா என்று ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். கெட்டிமேளத்துக்கு அடியில், கேமராவின் மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு பெண் குரல். "மாமா, புடிக்குதுங்களா? புடிக்குதுங்களா மாமா?" முகூர்த்தம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் பேசியதே எனக்குத் தெரியாது. வெட்டாமல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அப்படியே அனுப்பப் போகிறேன். குரல் அந்த நடுக்கம் நடுங்குகிறது. படம் ஒரு இடத்தில்கூட ஆடவில்லை மாமா.