நீலம், நாலாம் மாடி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒலிபெருக்கியில் "நீலம், இரண்டாம் மாடி" என்றார்கள். நீலம் என்றால் யாருக்கோ இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம். கையிலிருந்த தட்டு ஆடி சூப் கொட்டிவிட்டது. என் புருஷன் ராஸ்கோ இறந்துபோன அன்றும் இதே ஆஸ்பத்திரியில், சமையலறை வேலையாய், தட்டோடுதான் நின்றேன். "நீலம், நாலாம் மாடி." அவர் படுத்திருந்த மாடி. சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அவர்களுக்கு அது வெறும் நிறம். எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அதன்பிறகு நாலாம் மாடிக்கு நான் போவதில்லை. என் பதிலுக்குக் கூட வேலை செய்யும் ஜோலீன் சாப்பாடு கொண்டுபோகிறாள்.

மார்ச் 6

நிறங்களை விட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்லலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். புதன்கிழமை கூட்டம். சமையலறை ஆட்களும் கை தூக்கவேண்டும். இதயம் நின்றுவிட்டது என்று வாய்விட்டே சொன்னால் — தினமும் அதையா கேட்பேன்?

மார்ச் 12

டாக்டர் ஒருவர், "நேரா சொன்னா நோயாளிங்க பயந்துடுவாங்க" என்றார். ஜோலீன் எழுந்தாள். போன மாதம்தான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள்.

"அங்க சாம்பல்னா சூறாவளி. இங்க சாம்பல்னா எவனோ அடிக்க வர்றான். எதைத்தான் ஞாபகம் வச்சுக்கிறது?"

"ஏண்டி, ரோட்டுல சிவப்பு விளக்காவது தெரியுமா உனக்கு?" என்றாள் எங்கள் மேற்பார்வைக்காரி லொரெய்ன். எல்லாரும் சிரித்தார்கள்.

நிறமே இருக்கட்டும் என்று கை தூக்கினேன். அந்தப் பக்கமே ஜெயித்தது.

ஏப்ரல் 1

எழுத வரவில்லை. "சாம்பல், மூன்றாம் மாடி" என்றார்கள். நாங்கள் அங்கேதான் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஓர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். ஜோலீன் சூறாவளி என்றே நினைத்துவிட்டாள். கண்ணாடி உடைந்துவிடுமென்று ஜன்னலோரம் படுத்திருந்த அம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்து நடைவழிக்குத் தள்ளிப்போயிருக்கிறாள். அங்கே அடிக்க வந்தவன், கத்தியோடு. அந்த அம்மாளை மறைத்து நின்றதில் இவள் தோளில் குத்து.

கடவுளே, இவளையும் எடுத்துக்காதே.

ஏப்ரல் 2

பிழைத்துவிட்டாள். "மேகம் வேற கறுத்துக் கெடந்துச்சுக்கா. காத்துதான்னு நெனச்சேன்" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 9

மறுபடி கூட்டம். நிறம் வேண்டாம் என்று முதல் கை லொரெய்னுடையது. நானும் தூக்கினேன். பயந்துகொண்டேதான்.

மே 15

"இதயம் நின்றுவிட்டது, நாலாம் மாடி."

சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் அடங்கியது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண் மட்டும் எழுந்து, கால் நகராமல் நின்றாள்.

"நாலுன்னா சொன்னாங்க?"

"ஆமாம்மா. வா, நானும் வர்றேன்."

தட்டை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். லிஃப்டில் நாலை நான்தான் அழுத்தினேன்.