தண்ணீர் வராத வீடு

என் செல்ல மகளுக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரேகா எழுதுகிறாள்.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே, குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று சொல்லி அனுப்பினேன் அல்லவா? அது பொய். அண்ணாமலை நகரில் தண்ணீருக்குக் குறையில்லை. "பெத்தவளுக்கே பாரமாப் போயிட்டா" என்று கடலூரில் உன் மாமியார் சொன்னாராம். சொல்லட்டும்.

என் குதிகாலில் ஒரு மச்சம் உண்டே, அது புற்றாம். அதற்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். மாதம் இருமுறை பஸ்ஸில் தனியாகச் சென்னைக்குப் போய்வருகிறேன். ஊசியில் இருப்பது வைரஸ். புற்றை மட்டும் அழிக்கும்படி அதை மாற்றி வைத்திருக்கிறார்களாம். மச்சமும் சுருங்கித்தான் வருகிறது.

கர்ப்பிணியும் கைக்குழந்தையும் காலில் உள்ள, அந்த வைரஸ் கசியும் கட்டுத்துணியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். "அதத் தொடாம இருந்தா போதும்மா, பொண்ணு கூடவே இருக்கலாம்" என்றும் சொன்னார். அவருக்கு உன்னைத் தெரியாது. வாசலில் நுழைந்ததும் என் காலில் விழுகிற பெண் நீ.

போனில் சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன்.

குழந்தையைச் சுற்ற என் பழம்புடவையை அனுப்பப்போவதில்லை. ரேகா அவளுடையதைத் தருகிறாள்.

"எதுக்குக்கா வாசல்லயே உக்காந்துனு சொல்றீங்க, உள்ள வாங்க" என்கிறாள் அவள். நான் போகவில்லை. கடைசி வரியையும் அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்தக் காகிதத்தில் என் கை படவே இல்லை. நீ பயப்படாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

உன் அம்மா